மின்மகிழுந்தும் வணிக வெற்றியும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் செல்ல, சிறிய மின்மகிழுந்தே போதும். சென்னைக்குச் செல்லவோ 300 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்தல் வேண்டும். மகிழுந்து வாங்குவோர் அன்றாடப் பயணத்தோடு, எப்போதோ நேரும் நெடும்பயணத்தையும் எண்ணியே விலை கொடுக்கின்றனர். மாற்று எரிபொருள் ஊர்திகளின் வணிக வெற்றி இவ்வெண்ணத்தைச் சார்ந்துள்ளது.

பெங்களூருவின் ரேவா நிறுவனத்தை 2010இல் தன்வயப்படுத்திய மகிந்திரா, 2013இல் 'இ2ஓ' என்னும் மின்மகிழுந்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடிய அது பெருவழக்குப் பெறவில்லை.

டாட்டா மோட்டார்ஸ் வேறு வழியை மேற்கொண்டது. பெட்ரோலிலும் டீசலிலும் இயங்கிய தனது நெக்சான் மகிழுந்தின் உடலமைப்பிலேயே மின்கலத்தையும் மின்மோட்டாரையும் பொருத்தி, 2020இல் வெளியிட்டது. அதனால், அனைத்தையும் புதிதாக வடிவமைக்கும் செலவு தவிர்ந்தது. சான்றளிக்கப்பட்ட ஓட்டத்தொலைவு 312 கிலோமீட்டராக உயர்ந்தது. மின்னூர்திகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2019 ஆகஸ்டில் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்ததும் துணைநின்றது. நெக்சான் மின்மகிழுந்து நாட்டில் மிகுதியாக விற்பனையாகும் நிலையை எய்தியது.

ஆகவே, பழைய ஆலையும் விற்பனை நிலையமும் மரபுவழி நிறுவனங்களுக்குச் சுமையல்ல. அறிந்து பயன்படுத்தின் அவையே முதல். எனினும், சான்றிதழ் காட்டும் தொலைவு முழுவதும் சாலையில் கிட்டுவதில்லை. நெடுஞ்சாலைதோறும் மின்னேற்று நிலையங்கள் பெருகினால்தான் அம்முதல் பயன்தரும்.

சிந்தனை வினா: மின்மகிழுந்தின் வெற்றிக்கு முதற்பொறுப்பு நிறுவனத்துடையதா, அரசினுடையதா? காரணம் காட்டி எழுதுக.