மணி மட்டுமா அடிச்சாங்க? வியன்னா கோபுரம் சொல்லும் பாடம்

சர்ச் கோபுரம் எதுக்குன்னு கேட்டா, "மணி அடிக்கத்தான்" என்று சட்டென சொல்லிடுவீங்க. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் இருக்கும் புனித ஸ்டீபன் பேராலயத்தின் தெற்குக் கோபுரத்தைக் கொஞ்சம் பாருங்க. உயரம் சுமார் 136 மீட்டர். 1433-இல் கட்டி முடித்தார்கள். அன்றிலிருந்து அது செய்த வேலைகளை வரிசையாகப் பார்ப்போம்.

1. தீ காவல்: 1534 முதல் 1955 வரை, கோபுரத்தின் நடுவே இருக்கும் அறையில் காவலர்கள் உட்கார்ந்து ஊரைக் கவனித்தார்கள். அங்கே போக 343 படி ஏறணும்! எங்காவது தீ தெரிந்தால் பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு. அதைத் தீ இருக்கும் திசையில் காட்டுவார்கள்.

2. போர்: 1683-இல் ஒட்டோமான் படை நகரை முற்றுகையிட்டது. தளபதி ஸ்டார்ஹெம்பெர்க் இங்கிருந்துதான் எதிரி முகாமைக் கவனித்தார். உதவிக்கு வரும் படைக்கு இங்கிருந்தே ராக்கெட் விட்டு சைகை கொடுத்தார்கள். பிறகு, பிடிபட்ட பீரங்கிகளை உருக்கி 1711-இல் 'பும்மெரின்' என்ற மணியை வார்த்தார்கள். எடை சுமார் 18 டன். அதை ஆட்டி அடித்தால் கோபுரம் தாங்குமா என்ற பயத்தில், 1878-இல் ஆட்டுவதை நிறுத்திவிட்டு, மணியின் நாக்கை மட்டும் அசைத்து அடித்தார்கள். டைனமிக் லோடு படிக்கிறவங்களுக்கு இது நல்ல உதாரணம்.

3. சர்வே: 19-ஆம் நூற்றாண்டு நில அளவையில், கீழ் ஆஸ்திரியா, மொராவியா வரைபடங்களுக்கு இந்தக் கோபுரம்தான் (0,0) புள்ளி.

4. கருவி: 1830-களில் வானியலாளர் லிட்ரோவ், காவலர்களுக்காக 'டோப்போஸ்கோப்' என்ற கருவியை அமைத்தார். தொலைநோக்கியைத் தீயை நோக்கித் திருப்பி, கிடைமட்டக் கோணம், இறக்கக் கோணம் இரண்டையும் படித்துப் பதிவேட்டில் தேடினால் இடம் கிடைத்துவிடும்.

இது எப்படி வேலை செய்யுது? நம்ம ஸ்கூல் டிரிக்னாமெட்ரிதான். தரை சமமாக இருக்குன்னு வைங்க. கண் 72 மீட்டர் உயரத்தில், இறக்கக் கோணம் 5 டிகிரி என்றால், தூரம் = 72 / tan 5° ≈ 820 மீட்டர். திசை ஏற்கெனவே தெரியும். ஒரே இடத்தில் இருந்தபடி தீ எங்கே என்று சொல்லிடலாம்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஏப்ரல் 1945, போரின் கடைசி நாட்கள். பக்கத்துக் கடைகளில் பிடித்த தீயின் பொறி பேராலயத்துக்குப் பரவியது. கூரை எரிந்தது; தெற்குக் கோபுரத்துக்குள்ளும் தீ புகுந்து, பும்மெரின் கீழே விழுந்து நொறுங்கியது. நகரத் தீயணைப்பு வண்டிகளை முன்பே மேற்கே அனுப்பியிருந்தார்கள். 400 ஆண்டுகள் ஊரைத் தீயிலிருந்து காத்த கோபுரத்தை அணைக்க ஆள் இல்லை.

நாம் புராஜெக்ட் செய்யும்போது சென்சார் வைத்து, அலாரம் அடித்ததும் "வேலை முடிஞ்சது" என்று நினைக்கிறோம். இல்லைங்க. மேலே எச்சரிக்கிறது பாதி வேலைதான். கீழே ஓடி வர ஆளும் தண்ணீரும் இருந்தால்தான் முழு வேலை. அடுத்த டிசைன் ரிவியூவில் உங்களையே கேளுங்க: அலாரம் அடிச்சா, யார் வருவாங்க?