இருகை வாள்: அளந்து பார்த்துக் கற்கும் வரலாறு

மறுமலர்ச்சிக் காலப் பாடத்தில் ஓவியம், சிற்பம், அச்சு இயந்திரம் ஆகியவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். அக்காலப் போர்க்களத்தைத் தொட்டால் கடைசி வரிசை மாணவர்களும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். கைப்பேசி விளையாட்டுகளில் ஆளுயர வாளைப் பார்த்தவர்கள், "அந்த வாள் இருபது கிலோ இருக்குமா?" என்று கேட்பதுண்டு. அக்கேள்வியையே நான் பாடமாக்கிக்கொண்டேன்.

ஆசிரியருக்கான செய்திகள்

15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் மாக்சிமிலியன் உருவாக்கிய ஜெர்மானியக் கூலிப்படையினர் 'லாண்ட்ஸ்க்னெஹ்ட்' எனப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் ஏறத்தாழ 5 மீட்டர் நீள ஈட்டியுடன் நெருக்கமாக அணிவகுத்தனர். சிலரிடம் மட்டுமே இருகை வாள் இருந்தது. ஆபத்தான இடங்களில் நின்ற அனுபவசாலிகளுக்கு இரட்டைச் சம்பளம் தரப்பட்டது. இருகை வாள் வீரர்களும் அவர்களுள் அடங்குவர். போருக்கான வாள் பொதுவாக 2 முதல் 3.5 கிலோ எடையே இருந்தது. அதைவிட மிகக் கனமான வாள்கள் பல, ஊர்வலத்தில் ஏந்திச் செல்வதற்காகச் செய்யப்பட்டவை.

வகுப்பறைச் செயல்பாடு

1. மூன்று ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை ஒரு பையில் போட்டுத் தூக்கச் சொல்லுங்கள். வாளின் எடை கையிலேயே புரியும்.

2. வராந்தாவில் சாக்பீஸால் ஒரே இடத்தில் தொடங்கி 5 மீட்டர் கோடும் 1.7 மீட்டர் கோடும் வரையச் சொல்லுங்கள். இடைவெளி 3.3 மீட்டர். "வாள்காரர் ஈட்டிக்காரரை எப்படி நெருங்குவார்?" என்று கேளுங்கள்.

"ஈட்டியை வெட்டிவிடுவார்" என்று பலர் சொல்வார்கள். பரவலாகச் சொல்லப்படும் கூற்றும் அதுவே. ஒரு மாணவர் முன்னும், மற்ற இருவர் அவர் பின்னும் நின்று கம்புகளை நீட்டட்டும். முதல் கம்பை விலக்கினாலும் அடுத்த இரு முனைகள் காத்திருக்கும். வெட்டுப்படாமல் அசைந்து விலகும் கம்பை வெட்டுவதும் எளிதன்று. ஈட்டி வெட்டுவதே இவ்வாளின் முதன்மைப் பணி என்பதை வரலாற்றாசிரியர் பலரும் ஐயுறுகின்றனர்.

அப்படியானால் எதற்கு இந்த வாள்?

இத்தாலிய வாட்பயிற்சி ஆசிரியர் ஜியாகோமோ டி கிராஸி 1570-இல் வெளியிட்ட நூல் விடை தருகிறது. ஒருவர் பலரை எதிர்க்க உதவுவதால், கொடியைக் காக்க இவ்வாள் வீரரை நிறுத்துவர் என்கிறார் அவர். அகன்ற வீச்சு பலரைத் தள்ளி நிறுத்தும். இரைச்சலில் கட்டளை கேட்காதபோது, எங்கே திரள்வது என்பதைக் கொடியே காட்டும். கொடி விழுந்தால் படை சிதறும். 1651-இல் போர்த்துகீசியரான ஃபிகெய்ரெடோ எழுதிய பயிற்சிக் குறிப்புகளில் குறுகிய தெருவில் போரிடும் முறையும் உண்டு.

மதிப்பீடு

"ஒரு பழைய வாள் போருக்கா, ஊர்வலத்துக்கா என்று அறிய எவற்றை அளப்பீர்கள்? ஏன்?" இதற்கு மாணவர் தரும் காரணத்துக்கே மதிப்பெண் வழங்குங்கள். கேட்டதை நம்பும் முன் அளந்து பார்க்கும் பழக்கம், இப்பாடம் முடிந்த பிறகும் அவர்களுக்குத் துணைநிற்கும்.