தாராளவாதம்: கடிவாளம் அதிகாரத்துக்குத்தான்

அரசியல் விவாதங்களில் ‘லிபரல்’ (தாராளவாதி) என்பது இன்று ஏறக்குறைய வசைச்சொல். இடதுசாரிகளுக்கு லிபரல் முதலாளிகளின் ஆள். வலதுசாரிகளுக்குப் பண்பாட்டைக் கெடுக்க வந்தவர். இரு தரப்பும் திட்டுகிற தாராளவாதத்தை வளர்த்தவர்கள் உண்மையில் என்ன சொன்னார்கள்?

நம்பிக்கை 1: யாரும் எதையும் செய்துகொள்ளலாம் என்பதுதான் தாராளவாதம்.

உண்மை: சட்டம் இல்லாத இடத்தில் சுதந்திரமும் இருக்காது என்று வாதிட்டவர் ஜான் லாக். 1689-இல் தன் பெயரைப் போடாமல் அவர் வெளியிட்ட அரசியல் ஆய்வுரைகள், மன்னரின் மனம்போன போக்குக்குக் கடிவாளம் போட்டன. ஆளும் உரிமை மக்களின் சம்மதத்திலிருந்து வருகிறது. நம்பிக்கைத் துரோகம் செய்யும் ஆட்சியை அவர்கள் நீக்கலாம் என்றார். ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் தனிமனிதச் சுதந்திரத்துக்கு எல்லை வகுத்தார்: பிறருக்குத் தீங்கு வந்தால் தடுக்கலாம், ‘உன் நன்மைக்குத்தான்’ என்று சொல்லித் தடுக்கக் கூடாது. தடுப்பது அரசாங்கமோ ஊர்வாயோ, இரண்டுக்கும் இதே விதிதான்.

நம்பிக்கை 2: சந்தையை அப்படியே விட்டுவிடச் சொன்னவர் ஆடம் ஸ்மித்.

உண்மை: புகழ்பெற்ற ‘கண்ணுக்குத் தெரியாத கை’, ‘நாடுகளின் செல்வம்’ (1776) நூலில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. வியாபாரிகள் மீதான சந்தேகமோ திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே தொழில் செய்பவர்கள் பொழுதுபோக்குக்காகக் கூடினாலும் பேச்சு விலையேற்றும் சதியில் போய் முடியும் என்று எச்சரித்தார். வட்டிக்குச் சட்டப்படி உச்சவரம்பு வேண்டும் என்றார். வங்கிகள் சிறு தொகை நோட்டுகளை வெளியிடுவதைத் தடுப்பது அவற்றின் சுதந்திரத்தில் கைவைப்பதுதான் என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால், தீ பரவாமலிருக்க வீடுகளுக்கு இடையே சுவர் கட்டச் சொல்லும் சட்டமும் அதே வகைதான் என்று பதில் சொன்னார். நாள் முழுக்க ஒரே வேலையைச் செய்யும் தொழிலாளியின் அறிவு மழுங்கிவிடும் என்று கவலைப்பட்டு, எளியவர் பிள்ளைகளுக்கு அரசு உதவியுடன் பள்ளிகள் கேட்டார்.

நம்பிக்கை 3: ஏழைகளுக்கு அரசு உதவுவது சோஷலிசம்; தாராளவாதத்துக்கு அது ஆகாது.

உண்மை: பிரிட்டனில் முதியோர் ஓய்வூதியச் சட்டத்தை 1908-இல் கொண்டுவந்தது லிபரல் கட்சி அரசு. 70 வயதைக் கடந்த ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கிடைத்தது. 1942-இல் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தை வகுத்துத் தந்த வில்லியம் பெவரிட்ஜும் லிபரல்தான். மத்தியத் திட்டமிடலைக் கடுமையாக எதிர்த்த ஹாயெக்கூட, யாரும் பட்டினி கிடக்காதபடி குறைந்தபட்சப் பாதுகாப்பை அரசு தரலாம் என்று 1944-இல் எழுதினார். எவ்வளவு தரவேண்டும் என்பதில்தான் தாராளவாதிகளுக்குள் சண்டை.

நம்பிக்கை 4: எதிர்க்கருத்தைச் சொல்லும் உரிமைக்காக உயிரையும் தருவேன் என்றவர் வால்டேர்.

உண்மை: பட்டிமன்றங்களில் கைதட்டல் வாங்கித் தரும் அந்த வாசகம் வால்டேருடையது அல்ல. அவருடைய மனப்பாங்கை விளக்க, 1906-இல் ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் தன் நூலில் எழுதியது. வால்டேர் செய்துகாட்டியது வேறு. மகனைக் கொன்றதாகப் பழி சுமத்தப்பட்டு, 1762-இல் துலூஸ் நகரில் புராட்டஸ்டன்ட் வணிகர் ஜான் கலாஸ் சித்திரவதைக்குப்பின் கொல்லப்பட்டார். வால்டேர் விடாமல் போராடினார். 1765-இல் கலாஸ் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது.

நம்பிக்கை 5: தாராளவாதிகள் எல்லாருக்கும் சுதந்திரம் கேட்டார்கள்.

உண்மை: கேட்கவில்லை. அடிமை வியாபாரம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் லாக்குக்குப் பங்கு இருந்தது. மில்லின் முரண்பாடு இன்னும் கூர்மையானது. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1866-இல் சுமார் 1,500 பேர் கையெழுத்திட்ட மனுவை எமிலி டேவிஸும் எலிசபெத் காரெட்டும் வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கொண்டுவந்தார்கள். மில் வரும்வரை அந்தச் சுருளை ஆப்பிள் விற்கும் பெண் ஒருவரின் கடைக்கடியில் ஒளித்துவைத்ததாகச் சொல்வார்கள். அதைக் காமன்ஸ் சபையில் சமர்ப்பித்த அதே மில், 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர்; இந்தியா போன்ற நாடுகளுக்குச் சுயாட்சிப் பக்குவம் வரவில்லை என்று நம்பியவர்.

அந்த முரண்பாட்டைப் பிரிட்டிஷ் மண்ணிலேயே வைத்துக் கேட்டவர் தாதாபாய் நவ்ரோஜி. 1892-இல் லண்டனின் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில் லிபரல் வேட்பாளராக, விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இந்தியாவின் செல்வம் வரிகளாகவும் சம்பளங்களாகவும் கடல்கடந்து வடிவதைக் கணக்குப் போட்டுக் காட்டி, சம்மதமில்லாத ஆட்சி பிரிட்டனின் சொந்தக் கொள்கைக்கே விரோதம் என்றார். தாராளவாதிகளைக் கண்டிக்கத் தாராளவாதத்தின் அளவுகோலே அவருக்குப் போதுமானதாக இருந்தது.