வெயிலும் நீரும்: வங்கத்தில் தோலைக் காக்கும் வழிகள்

கடக ரேகைக்குச் சற்றுத் தெற்கே அமைந்துள்ள நகரம் கொல்கத்தா. வயலிலும் சாலையிலும் நாள் முழுவதும் உழைப்போர் இங்கு ஏராளம். எனவே வெயிலால் தோலுக்கு நேரும் கேட்டை அறிந்திருப்பது இன்றியமையாதது.

சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் தோல் செல்களின் மரபுப் பொருளைச் சிதைக்கின்றன. சிதைவு சீராகாமல் பல ஆண்டுகள் சேருமாயின் புற்றுநோய் தோன்றக்கூடும். மெலனின் என்னும் கருநிறமி இக்கதிர்களைப் பெருமளவு தடுப்பதால், வெண்ணிற மக்களைவிட இந்தியரிடையே தோல் புற்றுநோய் மிகக் குறைவு. ஆயினும் மேற்கு வங்கத்தில் அந்நோய்க்கு மற்றொரு காரணமும் உண்டு. அது குடிநீரில் கலந்துள்ள ஆர்செனிக் என்னும் நஞ்சாகும்.

1983ஆம் ஆண்டு, கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளிடம் இந்நஞ்சின் அறிகுறிகளைக் கண்டறிந்தார். பின்னர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் தீபங்கர் சக்கரவர்த்தி தலைமையில் நடைபெற்ற ஆய்வுகள் சிக்கலின் பரப்பை வெளிப்படுத்தின. மால்டா, முர்ஷிதாபாத், நதியா, வடக்கு, தெற்கு 24 பர்கானா ஆகியவை பெரிதும் பாதிக்கப்பட்ட மாவட்டங்கள்.

நஞ்சு வந்தது எவ்வாறு?

இமயத்திலிருந்து கங்கை கொணர்ந்த வண்டலில், இரும்புத் துகள்களோடு ஆர்செனிக் ஒட்டியுள்ளது. உயிர்வளி குன்றிய நிலத்தடி அடுக்குகளில் அது பிரிந்து நீரில் கரைகிறது. கிருமி நிறைந்த குளத்து நீருக்கு மாற்றாக அமைக்கப்பட்ட ஆழம் குறைந்த அடிகுழாய்களே இந்நஞ்சை இல்லங்களுக்குக் கொண்டு சேர்த்தன. ஒரு தீமையை நீக்க எடுத்த முயற்சி மற்றொரு தீமைக்கு வழிவகுத்தது.

இந்நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. கொதிக்க வைத்தாலும் அகலாது. உடலில் மழைத்துளி தெறித்தாற்போன்ற கரும்புள்ளிகளும் வெண்புள்ளிகளும், உள்ளங்கை உள்ளங்கால்களில் தடிப்பும் முதலில் தோன்றும். பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரலாம். வெயில் படாத உறுப்புகளிலும் அது தோன்றுவது குறிப்பிடத்தக்கது. இதனைத் தொழுநோய் எனத் தவறாகக் கருதி, நோயுற்றோரை ஊரார் ஒதுக்கிய கொடுமையும் நிகழ்ந்துள்ளது. இது தொற்றுநோயன்று.

காக்கும் வழிகள்

குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஆர்செனிக் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1993இல் வகுத்த வரம்பு. ஒவ்வொரு அடிகுழாயையும் சோதித்தல் முதற்கடமை. வங்கதேசத்தில் செய்ததுபோல், தீங்குள்ள குழாய்க்குச் சிவப்பு வண்ணம் பூசினால் எழுத்தறியாதோரும் உணர்வர். சோதிக்கப்பட்ட ஆழ்குழாய் நீர், சுத்திகரித்த ஆற்றுநீர், முறையாகச் சேமித்த மழைநீர் ஆகியவை தக்க மாற்றுகள். பால்டாவில் ஹூக்ளி நீரைச் சுத்திகரித்துக் கொல்கத்தாவுக்கு வழங்குவது இத்தகைய ஏற்பாடே.

சுண்டெலிகளில் நடத்திய ஆய்வுகளில், ஆர்செனிக் கலந்த நீரும் புற ஊதாக் கதிரும் சேர்ந்தபோது தோல் கட்டிகள் மிகுந்தன. ஆதலால் வெயிலையும் புறக்கணித்தலாகாது. நண்பகல் வெயிலைத் தவிர்த்தல், முழுக்கை பருத்தி ஆடை, குடை, அகன்ற தொப்பி ஆகியன செலவு குறைந்த காப்புகள். பிறவியிலேயே நிறமி அற்றோர்க்கு இவை மிகமிகத் தேவை.

ஆறாத புண், வளரும் தடிப்பு, மாறும் மச்சம் ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரை அணுக வேண்டும். தொடக்கத்தில் கண்டறியப்படும் தோல் புற்றுநோய் பெரும்பாலும் குணமாகும். தூய நீரோ அரசும் ஊராட்சியும் மக்களும் கூடிப் பெறவேண்டிய காப்பாகும்.