பாப்பாவின் பேட்ச் பைலும் தாத்தாவின் சிவப்பு அட்டையும்

சுங்கை செம்பிலாங்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை, பாட்டியின் பிறப்புப் பத்திரம், தோட்டத்து லயத்துப் படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஹார்ட் டிஸ்கில் போட்டுவிட்டாயாம். வாண்டுகள் கைவைக்காமல் இருக்க, ஒரே பேட்ச் பைலில் கட்டளைகளை எழுதி அத்தனை போல்டரையும் மறைக்கப் போகிறாய் என்று உன் அப்பன் சொன்னான். அதிலிருந்து பெரியப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. செய்வதும் விடுவதும் உன் இஷ்டம். இருந்தாலும் கேள்.

அதில் நீ எழுதப்போகிற அட்ரிப் கட்டளை டாஸ் காலத்துச் சங்கதி. பிளஸ் எச் போட்டால் கோப்பு மறையும், மைனஸ் எச் போட்டால் தெரியும். கூடவே எஸ் போட்டால் விண்டோஸ் அதைத் தன் சொந்தக் கோப்பாக எண்ணி இன்னும் ஆழமாக மறைக்கும். ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் டி இரண்டையும் சேர்த்தால் உள்ளே எத்தனை அடுக்கு போல்டர் இருந்தாலும் பாயும். சரி, இதில் பூட்டு எங்கே இருக்கிறது? எக்ஸ்ப்ளோரரில் இரண்டு டிக்கை மாற்றினால் உன் சித்தி மகன் எல்லாவற்றையும் பார்த்துவிடுவான்.

அந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரனை மறந்துவிட்டாயா?

அத்தை கல்யாணப் படம் இருந்த பெண்டிரைவில் ஷார்ட்கட் வைரஸ் ஏறியது. அது செய்தது இவ்வளவுதான்: போல்டர்களுக்கு எச், எஸ் போட்டு மறைத்துவிட்டு, அதே பெயர்களில் ஷார்ட்கட்டுகளை வைத்தது. ஒரு படமும் அழியவில்லை. அவன் திறந்து பார்த்தான், 'காலி' என்றான், பார்மட் செய்தான், காசையும் வாங்கிக்கொண்டான். பிராபர்ட்டீஸைத் திறந்திருந்தால் டிரைவில் முக்கால்வாசி இடம் நிரம்பியிருப்பது கண்ணில் பட்டிருக்கும். மைனஸ் எச், மைனஸ் எஸ் என்று ஒரே வரி அடித்திருந்தால் படமெல்லாம் திரும்பத் தெரிந்திருக்கும். இன்றைக்கும் யார் வீட்டிலாவது கல்யாண ஆல்பத்தை எடுத்தால் அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' புழுவும் இந்த வித்தையைக் கையாண்டது. ஜேபிஜி படங்களின் மேல் தன்னையே எழுதி அழித்தது. எம்பி3 பாட்டுகளை மட்டும் மறைத்துவிட்டு, பக்கத்தில் தன் நகலை வைத்தது. பாட்டு போய்விட்டதென்று தலையில் கைவைத்தவன் கணினியிலேயே பாட்டு இருந்தது. வைரஸ் செய்கிற அதே வேலையை நம் வீட்டுப் பிள்ளையே செய்யப் பார்க்கிறாள். நாளைக்கு நீ வெளிநாடு போய்விட்டால், அந்த ஹார்ட் டிஸ்கைத் திறக்கிறவன் என்ன சொல்வான்? 'காலி' என்பான். லயத்தை இடித்துச் செம்பனை நட்டாகிவிட்டது. தாத்தா இந்த மண்ணில் ரப்பர் பால் வெட்டியதற்கு வேறு சாட்சி ஏது?

இன்னொன்று. பேட்ச் பைலை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் அது இருக்கிற போல்டரில் தொடங்காது; விண்டோஸின் சிஸ்டம்32-இல் போய் நிற்கும். சிடி என்று எழுதி வேறு டிரைவைக் காட்டினாலும், பக்கத்தில் ஸ்லாஷ் டி இல்லாவிட்டால் டிரைவ் மாறாது. பிழைச்செய்திகூட வராது. அடுத்த வரி தாத்தா படங்களை விட்டுவிட்டு விண்டோஸின் குடலில் கைவைக்கும். போல்டர் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் பைலை யுடிஎப்-8இல் சேமித்து, முதல் வரியில் சிஎச்சிபி 65001 போடு. இல்லாவிட்டால் அந்தப் பெயரே அதற்குப் புரியாது.

மறைப்பதானால் மறைத்துக்கொள். அல்லது 7-ஜிப்பில் கடவுச்சொல் போட்டு மூடி, இரண்டு நகல் எடுத்து, ஒன்றை இங்கே கொடுத்து வை. கடவுச்சொல்லைப் பெரியம்மாவின் கணக்கு நோட்டில் எழுதிவிடலாம். யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நகல் வருகிறதென்று பெரியம்மா அலமாரியில் இடம்கூட ஒதுக்கிவிட்டாள்.

பெரியப்பா திட்டிவிட்டதாக நினைக்காதே, கண்ணு. இத்தனை பேர் இருக்கிற குடும்பத்தில் அந்தத் தாள்களைத் தூசி தட்டி எடுக்க உனக்குத்தானே தோன்றியது! ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார் பெரியப்பா. அடுத்த லீவுக்கு வா. நண்டு வாங்கி வைக்கிறோம், உனக்குப் பிடித்த மாதிரி மிளகு தூக்கலாகப் பெரியம்மா சமைப்பாள். பஸ் வேண்டாம், கிளாங் வரைக்கும் வந்தால் போதும், பெரியப்பாவே காரில் வந்து கூட்டிக்கொள்வார். அந்த ஸ்கேனரையும் எடுத்து வா, பெரியம்மா பக்கத்துத் தாள்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன.

அன்புடன்,
பெரியப்பா