ஸ்லாட்டில் உட்கார்ந்தால் போதுமா? ராம் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

வீட்டில் இரண்டு டெஸ்க்டாப் இருந்து, அதில் ஒன்று சும்மா கிடந்தால், அதன் ராமைக் கழற்றி மற்றதில் போட்டுவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். 2025-ன் கடைசி மாதங்களில் ராம் விலை கிடுகிடுவென ஏறியதில் இருந்து, என்னிடம் இதைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஸ்கிரீன் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ராம் கெட்டுப்போய் கம்ப்யூட்டர் ஓடாமல் நின்றுவிட்டால் நஷ்டம் சிறியது. நிற்காமல் ஓடிக்கொண்டே ஃபைல்களைக் கெடுத்தால்தான் பெரிய நஷ்டம்.

முதலில் ரகத்தைப் பாருங்கள். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் அடியில் உள்ள வெட்டின் இடம் ரகத்துக்கு ரகம் மாறும். வோல்டேஜும் வேறு: டிடிஆர்2-க்கு 1.8, டிடிஆர்3-க்கு 1.5, டிடிஆர்4-க்கு 1.2, டிடிஆர்5-க்கு 1.1. வெட்டு ஸ்லாட்டில் உள்ள மேட்டோடு பொருந்தவில்லை என்றால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். பலம் கொடுத்து அழுத்தினால் ஸ்லாட் உடையும், பிறகு மதர்போர்டையே மாற்ற வேண்டிவரும்.

வெட்டு பொருந்தியும் சரிப்படாத ராம்கள் உண்டு. பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். டிடிஆர்3எல் என்ற ரகம் 1.35 வோல்ட்டில் ஓடக்கூடியது; அதன் வெட்டும் சாதாரண டிடிஆர்3-ன் வெட்டும் ஒன்றேதான். 2015-ல் வந்த 6-ம் தலைமுறை இன்டெல் பிராசசருக்கான சில மதர்போர்டுகளில் டிடிஆர்3 ஸ்லாட் இருக்கும். அந்தப் பிராசசர்களுக்கு 1.35 வோல்ட் ராம்தான் ஏற்றது. பழைய 1.5 வோல்ட் ராமைப் போட்டால் சிஸ்டம் ஓடலாம், ஆனால் பிராசசருக்கு நல்லதல்ல. பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சர்வர் ராமும் இப்படித்தான். ரெஜிஸ்டர்டு வகை டிடிஆர்4 ராம் வீட்டு மதர்போர்டின் ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஆனால் பூட் ஆகாது.

இன்னொரு விசித்திரம் ஜி41 சிப்செட். 4 ஜிபி டிடிஆர்3 ராமில் சில 16 சிப்களுடனும், சில 8 சிப்களுடனும் வரும். 8 சிப் உள்ளதில் ஒவ்வொரு சிப்பும் இரு மடங்கு கொள்ளளவு உடையது. ஜி41-க்கு அதைக் கையாளத் தெரியாது. ஆகவே ஜி41-ல் ஓடிய 16 சிப் ராமை எச்61 போர்டுக்கு மாற்றினால் ஓடும். எச்61-ல் இருக்கும் 8 சிப் ராமை ஜி41-க்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் ஸ்கிரீனே வராது. ராம் கெட்டுவிட்டது என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள்!

கழற்றும் முன்பே இரண்டு கம்ப்யூட்டரிலும் சிபியு-இசட் என்ற இலவச புரோகிராமை ஓட்டி, எஸ்பிடி டேப்பில் உள்ள ரகம், அளவு, வேகம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வேகம் வேறுபட்டால் கவலை இல்லை, எல்லாமே மெதுவானதன் வேகத்தில் ஓடும். மதர்போர்டு ஏற்கும் அதிகபட்ச அளவை அதன் மேனுவலில் பாருங்கள். 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை.

முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்த பிறகே கேபினெட்டைத் திறங்கள். விண்டோஸ் 10, 11-ல் ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். வழக்கமான ஷட் டவுனில் விண்டோஸ் தன் நிலையில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிடும். ராம் மாற்றும்போது முழுமையாக அணைப்பதே நல்லது. பிறகு பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்ச் போட்டு பிளக் இருக்கும்வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்கு 5 வோல்ட் அனுப்பிக்கொண்டே இருக்கும். பிடுங்கிய பின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தினால் மிச்சமுள்ள மின்சாரமும் வடிந்துவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அடுத்த கம்ப்யூட்டருக்குப் போனதும் அதன் கேபினெட்டையும் ஒருமுறை தொடுங்கள். ஏசி அறையில் இது மிக அவசியம். ராமை ஓரங்களில் மட்டும் பிடிக்க வேண்டும்.

கடைகளில் ராமின் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பூச்சு மெல்லியது, ரப்பர் தூளும் ஸ்லாட்டில் விழும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணி போதும்.

மாட்டும்போது இரண்டு ஓரங்களிலும் சமமாக அழுத்துங்கள், கிளிப் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் கிளிப் உள்ள போர்டுகளில் மறுபக்கம் அரைகுறையாக நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். டிடிஆர்5 என்றால் முதல் முறை சில நிமிடங்கள் ஸ்கிரீன் கறுப்பாகவே இருக்கலாம். பொறுமையாக இருங்கள், பயந்து பவரை அணைக்காதீர்கள்.

இனிதான் முக்கியமான வேலை. அத்தை வீட்டு எச்61 கம்ப்யூட்டரில், என் பழைய ஜி41-ல் இருந்து எடுத்த இரண்டு 4 ஜிபி ராம்களைப் போட்டேன். விண்டோஸ் உடனே 8 ஜிபி காட்டியது, வேகமும் நன்றாக இருந்தது. விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கும் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் அந்த டிஸ்க்கில் அத்தையின் பத்து வருடப் போட்டோக்கள் இருந்ததால், மெம்டெஸ்ட்86+ புரோகிராமை பென் டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிட்டேன். முதல் சுற்று சுத்தம். இரண்டாவது சுற்றில் பிழைகள் வரத் தொடங்கின. ஒவ்வொரு ராமாகத் தனியே சோதித்தேன். ஒரு ராம் மட்டும் எந்த ஸ்லாட்டில் போட்டாலும் பிழை காட்டியது. வீட்டுக் கம்ப்யூட்டர்களின் ராமில் சர்வர்களில் உள்ளது போன்ற பிழை திருத்தும் வசதி பொதுவாக இருக்காது. அந்த ராமோடு போட்டோக்களை வேறு டிஸ்க்குக்குக் காப்பி செய்திருந்தால், எது கெட்டது என்பது திறந்து பார்க்கும்வரை தெரிந்திருக்காது.

அதனால் நான்கு சுற்றுகளாவது பிழையின்றி முடியட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் வேண்டாம். அதன்மேல் மார்க்கரால் ‘கெட்டது’ என்று எழுதிவிடுங்கள், இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து வீட்டில் யாராவது அதையே எடுத்து மாட்டுவார்கள்.