மாலை கழற்றிய மறுநாளும் ‘சாமி’ என்று அழையுங்கள்!

நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாக மலையடிவாரத்துக்குப் போனால் கீரிப்பாறை. சுற்றிலும் அரசு ரப்பர் தோட்டம். அருகே ஆற்றங்கரையில் காளிகேசம் காளியம்மன் அருள்பாலிக்கிறாள். விடியும் முன்பே பால்வெட்டுக்குக் கிளம்பும் ஊர் இது. மழை பெய்தால் வேலை இல்லை. வேலையில்லாத நாள், குடிப்பழக்கம் உள்ளவருக்குச் சோதனை நாள்! அந்த மழைக்காலத்தில்தான் கார்த்திகை பிறக்கிறது; ஐயப்பனுக்கு மாலை போடுகிறார்கள்.

41 நாள் விரதம், இருவேளைக் குளியல், சைவ உணவு, மது கூடாது... எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால், ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? துளசிமணி கழுத்தில் ஏறியதுமே அழைக்கும் பெயர் மாறிவிடுகிறது. நேற்று வரை ‘குடிகாரன்’ என்றவர்களே, ‘சாமி, சாப்பிட வாங்க’ என்கிறார்கள். பெற்ற பிள்ளைக்கும் அவர் சாமி. அவரும் எதிரில் வருகிற எல்லோரையும் ‘சாமி’ என்றே அழைக்க வேண்டும். சபரிமலை சந்நிதானத்தில் எழுதியிருக்கும் ‘தத்வமஸி’, அதாவது ‘நீயே அது’ என்ற உபநிஷத வாக்கியம், இப்படி நம் வீட்டுச் சமையலறை வரை வந்துவிடுகிறது! விரதத்தின் மேலுள்ள பயம் பாதிக் குடியை நிறுத்துகிறது என்றால், மீதியை நிறுத்துவது இந்த மரியாதைதான் என்பது என் எண்ணம்.

கடல் கடந்தும் இதே சூட்சுமத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1935-ல் அமெரிக்காவில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரு குடிநோயாளிகள் சந்தித்ததில் பிறந்தது ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’. தமிழ்நாட்டிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. இறைவனிடம் தன்னை ஒப்படைப்பது அதன் பன்னிரண்டு படிகளில் ஒன்று. எந்த இறைவன் என்பது அவரவர் மனசு. ஒருவர் பேசினால் மற்றவர்கள் குறுக்கிடுவதில்லை, புத்திமதி சொல்வதில்லை. தன் கதையைத்தான் சொல்லலாம், அடுத்தவர் கதையை அல்ல. கேட்டதை வெளியே சொல்லவும் கூடாது. (நம் வீடுகளில் முடிகிற காரியமா என்கிறீர்களா?) குடும்பத்தாருக்கென்றே 1951-ல் ‘அல்-அனான்’ உருவானது. முன்நின்றவர் வில்சனின் மனைவி லோயிஸ்.

நம் சென்னையிலும் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் அவர் பெயரிலேயே சிகிச்சை மையம் தொடங்கினார். குடி ஒரு நோய் என்பதை நாம் முதலில் ஏற்க வேண்டும்.

நோய் என்பதால் ஓர் எச்சரிக்கை. தினமும் குடித்தவர் மாலைக்காகத் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் வராது. சிலருக்கு வலிப்பு வரும், இரண்டு மூன்று நாளில் உளறலும் தொடங்கும். ‘சாமி வந்திருக்கு’ என்று விபூதி பூசிக் காத்திருக்காதீர்கள். உயிருக்கே ஆபத்து! மாலை போடும் முன்பே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மாத்திரையால் விரதம் கெடாது.

மரியாதை என்றால் அடி உதையைப் பொறுப்பதோ, குடிக்கப் பணம் கொடுப்பதோ அல்ல. குடித்திருக்கும்போது பேச வேண்டாம். காலையில், தெளிந்த பிறகு, ‘ராத்திரி நீங்க வராம பயந்துட்டேன்’ என்று உங்கள் மனசை மட்டும் சொல்லுங்கள். பழைய கணக்கெல்லாம் எடுக்காதீர்கள்.

மலையிலிருந்து திரும்பியதும் தாயோ குருசாமியோ மாலையைக் கழற்றுவது வழக்கம். ‘இனி ஆரம்பிச்சிடுவாரு’ என்ற பேச்சு பல வீடுகளில் அன்று மாலையே கிளம்பிவிடும். அவர் காதிலும் அது விழும். அதற்குப் பதிலாக, கழற்றிய மாலையை ஐயப்பன் படத்துக்குச் சாத்திவிட்டு, மறுநாள் காலையும் ‘சாமி, காபி’ என்று கூப்பிட்டுத்தான் பாருங்களேன்!